ஒரு கிலோமீட்டரில் நான்கு பிரதமர்கள்

போன தீபாவளிக்கு முதல் நாள் மாலை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழைக் காட்டி முடித்து ஏறிய பேருந்து, கடற்பாலத்தின் மீது வந்ததும் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரத்தில் நாங்கள் நகர்ந்தது நாலு பேருந்து நீளம் இருந்தால் அதிகம். எனக்குப் பின்னால் ஒரு பெண், மடியில் பலகார டின்னை வைத்துக்கொண்டு, “எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நேரத்துக்காவது வந்துருவேன்” என்று கைப்பேசியில் யாருக்கோ உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, நடக்கிறவர்கள் நடக்கலாம் என்பதுபோல் கையைக் காட்டினார்.

இறங்கினேன். அப்படி நடப்பதை அதிகாரிகள் விரும்புவதில்லை. ஆனால் பெருநாள் நெரிசலில் ஜொகூர்க்காரர்கள் யாரும் அதைக் கேட்டு நின்றதாக எனக்கு நினைவில்லை.

நான் ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவள். சிங்கப்பூரில் வானொலி வேலை. “உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடும் நெரிசல், அவசியமில்லாத பயணத்தைத் தள்ளிவையுங்கள்” என்று காலையில் படிக்கிறவளும் நான்தான். மாலையில் அதே நெரிசலில் நிற்பவளும் நான்தான். அம்மா அழைத்தார்.

“எங்கம்மா இருக்கே?”

“பாலத்து மேலம்மா. ஜேம். நடந்து வர்றேன்.”

“நடந்தா? மழை வரும் போல இருக்கு. அப்பாகிட்ட சொல்லாதே.”

பாலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. நீளம் 1,056 மீட்டர். 1923-இல் ரயில் ஓடத் தொடங்கி, 1924 ஜூன் 28-ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது. 1942 ஜனவரி கடைசி நாளில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை நடுவில் வெடிவைத்துச் சுமார் 20 மீட்டருக்கு உடைத்தது. ஜப்பானியர்கள் வரவேண்டிய வழியில் வந்துவிட்டார்கள், உடைப்பையும் அடைத்துவிட்டார்கள். 1965-இல் இரு நாடுகளும் பிரிந்த பிறகு, இந்த ஒரு கிலோமீட்டர்தான் அவை ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளும் இடமாக ஆனது. 1998-இல் துவாஸ் இரண்டாம் இணைப்பு வரும்வரை வேறு வழியே கிடையாது.

நடக்கும்போது முதலில் கண்ணில் படுபவை தண்ணீர்க் குழாய்கள். ஆள் உயரக் குழாய்கள். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க நின்று, குழாயைக் கண்ணால் காட்டினார். “அங்கிள், கையில இருக்கிற பையைக் கொடுங்க” என்றேன். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “சின்ன வயசிலேர்ந்து இந்தத் தண்ணிக் கதையைக் கேட்டுக்கிட்டு வர்றேன்மா. பிரதமர் மாறினா முதல்ல தண்ணி விலையைத்தான் எடுப்பாங்க.”

அவர் மிகைப்படுத்தவில்லை. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென். ஆயிரம் கேலன் என்றால் ஏறக்குறைய 4,546 லிட்டர். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்கிறது, ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு. இந்த 50 சென் சுத்திகரிக்கும் செலவுக்கே கட்டாது என்பது சிங்கப்பூரின் கணக்கு. 3 சென் என்பது விலையே இல்லை என்பது நம் பக்கத்து ஆதங்கம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு விலையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1987-இல் மலேசியா அதைச் செய்யவில்லை, ஆகவே அந்த உரிமை போய்விட்டது என்கிறது சிங்கப்பூர். இல்லை, இன்னும் இருக்கிறது என்கிறது மலேசியா. ஒப்பந்தம் 2061 வரை. இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த எந்த நாளிலும் குழாயில் தண்ணீர் நின்றதில்லை. சிங்கப்பூர் அறையில் குழாயைத் திறந்து முகம் கழுவும்போது, இதில் பாதி எங்க ஊர்த் தண்ணீர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2018-க்கு வருகிறேன். என் கதையும் பாலத்தின் கதையும் முடிச்சுப் போட்டுக்கொண்ட ஆண்டு அது.

அந்த ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி, நஜிப் ரசாக்கும் லீ சியன் லூங்கும் பார்த்திருக்க, ஆர்டிஎஸ் விரைவு ரயிலுக்கான ஒப்பந்தம் சிங்கப்பூரில் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த். நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்குப் பத்தாயிரம் பேர். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2024 டிசம்பர் 31-க்குள் ஓடும் என்றார்கள்.

நான் அப்போது தினமும் போய்வருகிறவள். காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு மூன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவேன். அந்த நேரத்திலும் பாலம் தூங்காது. தொழிற்சாலைப் பேருந்துகளில் தலையைச் சாய்த்து உறங்கும் பெண்கள், மழைக்கோட்டு போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள். என் அப்பாவும் அந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் இருபது வருடம் போனவர்தான். சிங்கப்பூரில் அறை எடுத்துக்கொள் என்று தோழிகள் சொன்னார்கள். ஆறே ஆறு வருடம்தானே, ரயில் வந்துவிடும், அப்பா அம்மாவுடனேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மே 9-ஆம் தேதி, புதன்கிழமை, பொதுத்தேர்தல். நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஓடிவந்தேன். அன்று பாலம் முழுக்க வாக்காளர்கள்தான். முன்பின் தெரியாதவர்கள் பேருந்தில், “எந்தத் தொகுதி?” என்று கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் இரவு, 92 வயதில், மகாதீர் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். மலேசியாவில் இரண்டு நாள் விடுமுறை அறிவித்தார்கள். நான் விரலில் மையோடு சிங்கப்பூர் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. மே 19-ஆம் தேதியே லீ சியன் லூங் புத்ராஜெயாவுக்கு வந்து புதிய பிரதமரைப் பார்த்தார். அனைத்துலக நீதிமன்றத்தில் பெட்ரா பிராங்கா தீவு பற்றி முந்தைய அரசாங்கம் தொடுத்திருந்த இரண்டு மனுக்களையும் அந்த மாத இறுதியில் மலேசியா திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிய தலைவர் வந்தால் பழைய சண்டை கூடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இங்கே முதலில் ஒன்று குறைந்தது.

பிறகு வரிசையாக வந்தது. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் வேண்டாம், கடன் தாங்காது என்றார் மகாதீர். ஜூனில் தண்ணீர் விலை. செப்டம்பரில் அதிவேக ரயிலை ஒத்திவைக்க ஒப்பந்தம் போட்டு, மலேசியா 15 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. அக்டோபர் 25-ஆம் தேதி, ஜொகூர் பாரு துறைமுக எல்லையைத் துவாஸ் பக்கம் நீட்டி அரசிதழில் அறிவித்தார்கள்.

அடுத்த மாதம் நடந்ததுதான் எனக்கு மறக்காத காட்சி. நவம்பர் 12, 13 தேதிகளில் மகாதீர் சிங்கப்பூருக்கு அதிகாரபூர்வ வருகை. அவரும் துணைவியார் சித்தி ஹஸ்மாவும் மருத்துவ மாணவர்களாக அறிமுகமானதே சிங்கப்பூரில்தான். பூமலையில் ஓர் ஆர்க்கிட் மலருக்கு இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. மலரும் பட்டமும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மாத இறுதியில் துவாஸ் கடலில் மலேசிய அரசாங்கக் கப்பல்கள் வந்து நின்றன. டிசம்பர் 6-ஆம் தேதி சிங்கப்பூரும் தன் துறைமுக எல்லையை நீட்டியது. சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் இறங்கும் முறை குறித்து, பாசிர் கூடாங் வான்வெளியை வைத்து இன்னொரு தகராறு. 2019 பிப்ரவரியில் துவாஸ் அருகே மலேசியக் கடல்துறைக் கப்பல் ஒன்றும் கிரேக்கக் கப்பல் ஒன்றும் மோதிக்கொண்டன. யாருக்கும் காயமில்லை என்று செய்தியில் படித்தபோது என் குரல் கொஞ்சம் தளர்ந்ததைச் சக அறிவிப்பாளர் கவனித்திருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் பாலத்தில் என்ன மாறியது என்றால், ஒன்றுமே மாறவில்லை. காலை மூன்றரைக்கு அதே பேருந்து. அதே வரிசை. ஆனால் வரிசையில் பேச்சு மாறியிருந்தது. “வேலை அனுமதியில கை வைப்பாங்களா?” என்று கேட்பவர்கள் இருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. அந்தப் பயம் மட்டும் நிஜம்.

2019 ஏப்ரலில் இரு நாடுகளும் துறைமுக எல்லைகளைப் பழைய நிலைக்கே கொண்டுபோயின. வான்வெளித் தகராறுக்கும் ஒரு வழி கண்டார்கள். ஆனால் அதே மாதத்தில்தான் ஆர்டிஎஸ் ரயில் திட்டம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கும் மலேசியா ஆறு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்தது. பின்னர் அந்த நிறுத்திவைப்பை மேலும் மேலும் நீட்டித்தார்கள். நான் ஓடிவந்து ஓட்டுப்போட்டு, மகிழ்ந்து வரவேற்ற அரசாங்கம், நான் காத்திருந்த ரயிலை நிறுத்திவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல? அப்பாவிடம் சொன்னேன். “நாட்டுக்குக் கடன் இருக்குன்னு சொல்றாங்கல்லம்மா” என்றார். அவ்வளவுதான்.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிறுத்தம் வீணில்லை. 2019 அக்டோபர் 31-ஆம் தேதி, மகாதீரே ஜொகூர் பாருவுக்கு வந்து, ரயில் உண்டு என்று அறிவித்தார். மலேசியாவின் செலவு 4.93 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 3.16 பில்லியனாகக் குறைந்திருந்தது. சிறிய ரக ரயிலுக்கு மாறியதும் ஒரு காரணம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். அதிவேக ரயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2020 கடைசியில் ஒப்பந்தம் காலாவதியாகி, மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்ததோடு அது முடிந்தது. 350 கிலோமீட்டர் ரயிலுக்குப் பணம் கொடுத்து ஒரு தண்டவாளம்கூட வாங்கவில்லை நாம். இதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடிவதில்லை.

என் கணக்கு அதற்குள் தப்பாகிவிட்டிருந்தது. 2019 நடுவில் உடம்பு கேட்கவில்லை. உட்லண்ட்ஸில் அறை எடுத்துக்கொண்டேன். வாரக்கடைசிக்கு வீடு, அவ்வளவுதானே என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

2020 மார்ச் 1-ஆம் தேதி முகிதீன் யாசின் பிரதமரானார். ஜொகூர்க்காரர். தேர்தல் இல்லாமல் வந்த மாற்றம். 16-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில், 18-ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்றார். 17-ஆம் தேதி முழுவதும் தலையணையும் துணிமூட்டையுமாக ஆயிரக்கணக்கான மலேசியர்கள் சிங்கப்பூருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். நான் அறையில் இருந்தேன். வீட்டுக்குப் போகலாமா, வேலை போய்விடுமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். இரண்டு வாரம்தானே என்று இருந்துவிட்டேன்.

ஜூன் மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தோம், ஜாலான் உங்கு புவானில் இருக்கும் ராஜமாரியம்மன் கோயிலில். தேதி குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. கோயில் நடை சாத்தியிருந்தது. வீட்டு ஹாலில் அம்மா ஒரு மாலையை அப்பாவுக்குப் போட்டார். நான் கைப்பேசியில் பார்த்தேன். இணையம் நடுவில் அறுந்து, அப்பா மாலையோடு அசையாமல் நின்ற படம் ஒரு நிமிடம் திரையில் அப்படியே இருந்தது. என் அறையிலிருந்து அந்த வீடு ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது.

ஜூலை 30-ஆம் தேதி, வாகனமில்லாத கடற்பாலத்தின் நடுவில், முகக்கவசம் போட்ட இரண்டு பிரதமர்கள் சந்தித்தார்கள். ஆர்டிஎஸ் ரயில் மறுபடி உயிர்பெற்றது அன்றுதான். 2026 இறுதி என்று புதிய தேதி. செய்தி அறிக்கையில் அதைப் படித்தது நான். இந்த இரண்டு பேர் நிற்கிற இடத்துக்கு நான் போகமுடியவில்லையே என்றுதான் அன்று தோன்றியது. ரயிலைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. ஆகஸ்ட் 17 முதல் வேலை அனுமதிக்காரர்களுக்கு ஒரு வழி திறந்தார்கள். பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் என் விடுப்பை விழுங்கிவிடும் நிலையில், அதில் நான் போகவில்லை. போயிருக்கவேண்டும்.

அடுத்த பிரதமர் இஸ்மாயில் சப்ரி. 2021 நவம்பர் 29-ஆம் தேதி அவர் சிங்கப்பூர் வந்த அன்று, தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் ஓடத் தொடங்கின. நாளுக்கு ஒரு திசையில் 1,440 பேர் மட்டும். எனக்கு டிசம்பரில்தான் டிக்கெட் கிடைத்தது. லார்கின் நிலையத்தில் அப்பா நின்றிருந்தார். இருபத்தொரு மாதத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. கைப்பேசித் திரையில் அது தெரியவே இல்லை. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி பாலம் முழுதாகத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பொதுத்தேர்தல், அன்வார் இப்ராஹிம் பிரதமர். நாலரை ஆண்டில் நான்காவது பிரதமர்.

அங்கிளோடு நடந்துகொண்டே இருந்தேன் அல்லவா? பாலத்தின் பாதியைத் தாண்டியதும் அவர் வலது பக்கம் திரும்பினார். நீரிணையின் குறுக்கே, தலைக்கு மேலே 25 மீட்டர் உயரத்தில், ரயில் மேம்பாலம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இடைவெளியே இல்லாமல் போகிறது. நடுவில் இருந்த கடைசித் துண்டைச் சேர்த்ததைக் கொண்டாட 2024 ஜனவரி 11-ஆம் தேதி அன்வாரும் லீ சியன் லூங்கும் வந்திருந்தார்கள். நான்கு மாதத்தில் லீ பதவி விலகி லாரன்ஸ் வோங் வந்தார். இம்முறை தலைவர் மாறியது எதிர்க்கரையில். ஜூன் மாதமே அவர் மலேசியாவுக்கு வந்துபோனார். தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

“இதோட கீழயே இன்னொண்ணு கட்டறதா இருந்தாங்க, தெரியுமா?” என்றார் அங்கிள். வளைவுப் பாலத்தைச் சொல்கிறார். மகாதீர் முன்பு ஆண்ட காலத்துத் திட்டம் அது. கடற்பாலத்தின் மலேசியப் பாதியை இடித்துவிட்டு, கப்பல் போகும் உயரத்துக்கு வளைந்து ஏறும் பாலம். 2006 ஏப்ரலில் அவருக்குப் பின் வந்த அப்துல்லா படாவி அதைக் கைவிட்டார். 2018-இல் அந்தப் பேச்சும் மறுபடி எழுந்து அடங்கியது. நஜிப் வந்த பிறகு 2010-இல் ரயில்நிலத் தகராறைத் தீர்த்தார்கள். தஞ்சோங் பகாருக்குப் போய்க்கொண்டிருந்த மலாயன் ரயில் உட்லண்ட்ஸோடு நின்றது. அதற்குப் பதில் வந்த தெப்ராவ் ஷட்டில் ரயில் ஐந்து நிமிடத்தில் கடக்கிறது, டிக்கெட் கிடைத்தால். ஆர்டிஎஸ் வந்ததும் அதுவும் நிறுத்தப்படும். இந்த ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு தலைவரும் கட்டியதும் இருக்கிறது, கட்டாமல் விட்டதும் இருக்கிறது.

சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தின் சோதனையைக் கடந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பையைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே அதிரசம் என்றார் அங்கிள். ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜாலான் உங்கு புவானில் பூக்கடைகள் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் விளக்கோடு இருந்தன. அம்மா கேட்ட மல்லிகைச் சரத்தை வாங்கிக்கொண்டு வீடு சேரும்போது மணி பத்தரை.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஸ்டுலாங் கடற்கரைப் பக்கம் போகலாம் என்றார். வேலையிலிருந்து நின்ற பிறகு அவர் சிங்கப்பூர் போனதே இல்லை. சோதனைக் கட்டடத்தில் ஏறி இறங்கும் நடைக்கு முழங்கால் ஒத்துழைக்காது. என் வானொலி நிலையத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்பார், பேச்சோடு சரி. கடலைப் பார்த்து உட்கார்ந்து தூண்களை எண்ணினார். பாதியில் விட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமையும் ஓடுமா?” என்று கேட்டார்.

“ஓடும்பா.”

2025 ஜனவரி 7-ஆம் தேதி, ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தம் அன்வாரும் லாரன்ஸ் வோங்கும் பார்த்திருக்கக் கைமாறியது. அந்த வாரம் அப்பா யாரிடமும் சொல்லாமல் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்க் கடப்பிதழைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நூறு ரிங்கிட், ஐந்து வருடம் செல்லும். ரயில் வர இன்னும் ரெண்டு வருடம் இருக்கே, அதற்குள் என்ன அவசரம் என்று அம்மா கேட்டிருக்கிறார்.

“இன்னொரு ரெண்டு வருஷம் தள்ளிப்போனாலும் கடைசியில ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்” என்றாராம் அப்பா.